கேலரிக்கு யார் பெயர்?

ரக்பி கிளப்பின் புது கேலரிக்குப் பெயர் வைக்கக் கமிட்டி கூடியது. ஊரில் இதுவரை ஆடியவர்களிலேயே பெரிய ஆட்டக்காரர் யாரோ, அவருடைய பெயர்தான் என்று முடிவு.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

ஒருவர் டில்வின். 1960-களில் வேல்ஸ் அணிக்கு ஆடியவர். இன்னொருவன் யெஸ்டின். அவனும் வேல்ஸுக்கு ஆடியவன்தான். போன வருடம் மலைப்பாதையில் பைக் சறுக்கி, கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த நேரத்தில் போய்விட்டான்.

பெரியவர்கள் டில்வின் பக்கம் நின்றார்கள். அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் கல்லாகக் கனக்கும், காலையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு மதியம் வந்து ஆடுவார் என்றார்கள். இந்தக் காலத்துத் தடியர்கள் மோதினால் டில்வின் எழுந்திருக்கவே மாட்டார் என்று இளைஞர்கள் சிரித்தார்கள். பியரின் நுரை அடங்கிப்போகும்வரை பேச்சு ஓயவில்லை.

கை தூக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் சமம்.

ஓட்டுப் போடாமல் இருந்தது செயலாளர் கைன்வென் மட்டும்தான். யெஸ்டினின் அம்மா. சொந்த மகன் விஷயம் என்று ஒதுங்கியிருந்தாள். நீங்களே முடித்து வையுங்கள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முடிவு தெரிந்துவிட்டது என்ற நிம்மதி எல்லார் முகத்திலும்.

"டில்வின்" என்றாள் கைன்வென்.



"உயரமா வர்ற பந்தை யெஸ்டின் நழுவ விடுவான். டில்வின் விட்டதே இல்ல" என்றாள், மேஜையைப் பார்த்தபடி.

யெஸ்டினோடு சின்ன வயதிலிருந்து ஆடியவன் ஹியூ. அவன் எழுந்துவிட்டான்.

"பெத்தவங்க பேசுற பேச்சா ஆன்ட்டி இது? அவன் எப்ப நழுவவிட்டான், ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

அவள் பேனாவை எடுத்தாள். தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மகன் போன துக்கத்தில் மனசு கல்லாகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கடைவீதியில் சிலர் அவளைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்கள்.

திறப்பு விழா அன்று சக்கர நாற்காலியில் டில்வினை அழைத்து வந்தார்கள். நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி. மூக்கில் ஆக்சிஜன் குழாய். திரையை விலக்கியதும் அவர் பெயரைப் பார்த்து மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அவருக்குப் பெற்ற பிள்ளைகள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கை எழவில்லை. கைன்வென்தான் துடைத்துவிட்டாள்.

அவளுடைய கையை அவர் விடவில்லை.

"உன் பையனைவிடவா நான்? நிஜமா சொல்லு" என்றார், மூச்சு வாங்க.

"நிஜமாத்தான். நீங்கதான்" என்றாள்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் ஹியூ. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கூட்டம் கலைந்து அவள் காருக்குப் போனபோது பின்னாலேயே போனான்.

"இன்னிக்குமா ஆன்ட்டி? அவன் பேரைச் சொல்ல ஒரு வார்த்தை வரலியா உங்களுக்கு?"

கார் கதவில் கை வைத்தவள் திரும்பினாள். கைதட்டல் ஓய்ந்தும், உள்ளே யாரோ டில்வினுக்காகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"யெஸ்டின் மாதிரி ஒருத்தன் இந்த ஊர்ல ஆடினதே இல்ல, ஹியூ. எனக்குத் தெரியாதா?"

குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு சொன்னாள்:

"ஆனா டில்வினுக்குத்தான்ப்பா இன்னும் காது கேக்குது."