இடுப்பளவு மணல்

கால்நடை மருத்துவர் நாய்க்குட்டியை மேசைமேல் விட்டார். அதன் பின்னங்கால்கள் தவளையைப் போல இருபுறமும் விரிந்தன. "பிறவிக் கோளாறும்மா. மூணு வாரத்துல எந்திரிச்சா உண்டு" என்று சொல்லி, இரண்டையும் பிளாஸ்திரியால் சேர்த்துக் கட்டினார்.

ஐந்தாவது வாரமும் அது வயிற்றால்தான் நகர்ந்தது. தவமணி கொல்லையில் குழி வெட்டி, குட்டியை இறக்கி, இடுப்பு வரை மணலைத் தள்ளினாள். மகள் அகிலாவுக்குச் சின்ன வயதில் நடை வராதபோது, அவளை நிறுத்தி வைத்ததும் இதே இடத்தில்தான். குட்டி தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"பாத்தியா, நிக்குது."

சக்கர நாற்காலியிலிருந்து அகிலா வெகுநேரம் பார்த்தாள். "அது நிக்கலம்மா. விழுறதுக்கு மண்ணு எடம் குடுக்கல."

தவமணி இன்னும் ஒரு கை மணலை அள்ளிப் போட்டு, இறுக்கித் தட்டினாள்.