கம்பனி ஓம் சொல்லேல்லை

வேலணையில் நடத்திவந்த ஐஸ்கிறீம் கம்பனிக் கிளையை வைத்திலிங்கம் விற்கப்போகிறார். அதைக் கேட்டு மூன்றாவது தடவையாக வந்திருந்தார் மீன் வியாபாரி பஸ்ரியாம்பிள்ளை. வைத்திலிங்கத்தின் மகள் பவதாரணி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பாவுக்குச் சில்வர் பேணியில். வந்தவருக்கு, அப்பா சொன்னபடி, குடித்துவிட்டு எறிகிற கடதாசிக் கப்பில்.

"எனக்கு விருப்பம்தான். ஆனால் கம்பனி ஓம் சொல்லாமல் உமக்கு மாத்தித்தர ஏலாது. மீன் மணக்குமெண்டு யோசிக்கினமாக்கும்" என்றார் அப்பா.

"இன்னொருக்காக் கேட்டுப் பாருங்கோ ஐயா. என்ரை மகள் ஜொய்சி இந்தக் கடையைத்தான் நம்பியிருக்கிறாள்."

அப்பாவின் போன் அடித்தது. பவதாரணி எடுத்தாள். கம்பனி மனேச்சர்.

"அப்பாட்டைச் சொல்லும் பிள்ளை, பஸ்ரியாம்பிள்ளைக்கு நாங்கள் போன மாசமே ஓம் சொல்லிட்டம். அப்பாதான் அந்த ஆக்களுக்குக் குடுக்கேலாது எண்டு நிக்கிறார்."



"ஆர் பிள்ளை?" என்றார் அப்பா.

அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அங்கிள், சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."