கண்ணாடி பதித்த கட் ஷூ

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், எங்கள் வீட்டு வாசற்படியில், என் மருமகளின் கட் ஷூ வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தது.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வத்தலைக் காம்பு கிள்ளியபடி நானும் பார்த்தேன்.

யாராக இருந்தாலும் பார்க்கத்தான் செய்வார்கள்.

காலேஜுக்குப் போட்டுப் போன பழைய கறுப்பு ஷூ அது. முன்பக்கம் தோல் வெடித்து, கட்டிலுக்கு அடியில் ஒட்டடையோடு கிடந்தது. மருமகள் முனீஸ்வரி போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, அதைக் கல்யாணப் பெண்ணே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற மாதிரி ஆக்கிவிட்டாள்.

முதல் தடவை ஒட்டியதெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. பாலிஷ் போட்டுத் துடைத்துவிட்டு அதன்மேல் பசை தடவியிருக்கிறாள். மெழுகின்மேல் பசை நிற்குமா?

அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்த்து, காயவைத்து, உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, ஈர்க்குச்சி நுனியில் பசை தொட்டு ஒவ்வொரு கல்லாக வைத்தாள். ரவிக்கைக்கு ஆரி வேலை செய்ய வாங்கிய கல்லும் சமிக்கியும். குதிகாலைச் சுற்றி ஜரிகை லேஸ்.

சின்னக் கல்லோடு நிறுத்தப் போனாள். பொட்டு அளவில் கண்ணாடியும் வை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கண் கூச வேண்டும் என்று சொன்னவள் நான்தான். ஒரு காரியத்தைச் செய்தால் திருத்தமாகச் செய்ய வேண்டாமா?

அவர்கூடப் பாராட்டினார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது எங்கள் மல்லாங்கிணறு பக்கம் மழை வருகிற மாதிரி.

பாராட்டுக்குக் காரணம் உண்டு. இன்று விருதுநகரில் குரூப் ஃபோர் தேர்வு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே முனீஸ்வரி அதற்காகப் படித்துவந்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லுவாள். கடை வீட்டு மருமகள் ஆபீசில் போய் அடுத்தவன் முன்னால் கைகட்டி நிற்பதா என்று அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். என் மகன் ராம்குமார் வாயைத் திறக்கவில்லை. அப்பா முன்னால் அவன் என்றைக்குத் திறந்திருக்கிறான்? நேற்றே லோடு எடுக்க மதுரைக்குப் போய்விட்டான்.

அவளும் எதிர்த்துப் பேசவில்லை. புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு ஷூவை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை வழிக்கு வந்துவிட்டது என்று அவருக்கு நிம்மதி.

இருந்தாலும் இன்றைக்குத் தேர்வு நாள். அதனால் ஒரு கண் வாசல்மேல்.

செருப்புக் கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. படியில் கிடப்பதைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். புதுசு கிடந்தால் சொந்தக்காரர், தேய்ந்து கிடந்தால் உள்ளூர்க்காரர். முனீஸ்வரியின் செருப்பு எத்தனை, எது எந்தப் படியில் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சரிபார்த்தார். ஒன்றும் குறையவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே வந்தது. வாசல் தகரத்தின் நிழல் மெல்லப் படியில் இறங்கி ஷூவை மூடியது. மினுமினுப்பு நின்றது.

அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்தே விட்டார்.

“மருமக உள்ளதான இருக்கா?”

“செருப்பு கெடக்குல்ல. நீங்க உக்காருங்க, நான் போயிப் பாத்துட்டு வாரேன்.”

தார் ரோடு கொதித்தது. எட்டி நடை போட்டால் அவர் கவனிப்பார். கோயிலுக்குப் போகிறவள்போல நிதானமாகவே தாண்டினேன்.

கதவைத் தள்ளி, குழம்புக்குப் புளி ஊறவைத்துவிட்டாயா என்று உள்ளே பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். கொஞ்சம் நின்று, சரி என்று தலையாட்டினேன்.

வீட்டில் ஈ காக்கை இல்லை.

கொல்லைக் கதவு வழியாக இறங்கி, கண்மாய்க்கரையோடு நடந்து, ஊருக்கு வெளியே நின்று அவள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். இந்நேரம் பாதிக்கு மேல் எழுதியிருப்பாள். கெட்டிக்காரி. வேலை கிடைத்த பிறகு அவரிடம் பேசுவதை நான் பேசிக்கொள்கிறேன்.

படியைக் கூட்டுகிற சாக்கில் குனிந்து, ஷூவை எடுத்துக் கீழ்ப்படியில் வெயிலுக்கு நகர்த்தி வைத்தேன். கண்ணாடி பளீரென்று அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பி வந்து, அடுப்படியில் வேலை நடக்கிறது என்றேன். எதிர்ப்பக்கம் மின்னுவதைப் பார்த்து அவர் திருப்தியாகக் கல்லாவைத் திறந்தார்.

என் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துப்போயிருந்தன. காலை மடக்கி உட்கார்ந்து வத்தலை எடுத்தேன். ஊரில் உள்ள செருப்பையெல்லாம் அளந்து வைத்திருக்கிற மனிதர், பக்கத்தில் இருக்கிற என் காலை ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் போதும், எல்லாம் விளங்கியிருக்கும்.

பார்க்கவில்லை. பார்க்க மாட்டார் என்று தெரிந்துதான் என் செருப்பைக் கழற்றி முனீஸ்வரிக்குக் கொடுத்தனுப்பினேன்.