காரில் ஒரு சத்தம்

"கேக்குதா?" என்றார் அடைக்கப்பச் செட்டியார்.

பிச்சைமுத்து நீளமான திருப்புளியின் நுனியை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் குனிந்திருந்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிற மாதிரிதான். எஞ்சின் சீராக ஓடியது. அதைத் தவிர அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது வருஷத் தொழிலில் வண்டி விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.

"டக் டக்குன்னு அடிக்குது பாரு. போன தடவை முன்னாடி இருந்துச்சு, இப்பப் பின்பக்கம் போயிருச்சு."

"அப்ப இன்னும் ஒரு வாரம் ஆகுங்களே."

"ஆகட்டும், ஆகட்டும். மெதுவாவே பாரு." செட்டியார் குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துவிட்டார். கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பிச்சைமுத்துவுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. அந்தக் கார் செட்டியாரின் அப்பா காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. திருமயம் பக்கத்தில் அதன் ஹாரனைக் கேட்டால் மாடுகூடத் தானாக ஒதுங்கும் என்பார்கள். மெட்ராஸிலிருந்து பார்சலில் சாமான் வரவழைத்து, எஞ்சினை முழுக்கப் பிரித்துப் பூட்டியதில் பில் நானூற்று முப்பது ரூபாய் ஆகிவிட்டது. ஒரு குமாஸ்தாவுக்கு அது ஐந்தாறு மாதச் சம்பளம்.

செட்டியார் அதில் ஒரு காசு குறைக்கச் சொல்லவில்லை. "சத்தம் நிக்கட்டும், முழுசாத் தந்துடறேன்" என்றார். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

புதுக்கோட்டையில் பிச்சைமுத்துவின் பிழைப்பே காதில்தான் இருந்தது. பஸ் தெருமுனையில் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்கு ஒரு டக் டக் எட்டவில்லை. முந்தாநாள் அவர் மனைவி செங்கமலம், ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவரை நாலு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, "ஒங்களுக்குக் காது மந்தமாயிருச்சா?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் எஞ்சினை மறுபடியும் பிரித்துப் பூட்டினார். ஒரு பழுதும் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கீரனூர் பஸ்ஸோடு வந்தார் டிரைவர் நல்லதம்பி.

"அண்ணே, பின்னாடி ஏதோ உறுமுது. காதைச் செத்த வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

பிச்சைமுத்து ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. "திருச்சியில காட்டிக்கப்பா" என்று அனுப்பிவிட்டார். ஐம்பது பேர் ஏறுகிற வண்டியைக் காது கேளாதவன் பார்த்து அனுப்பி, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? பஸ் போன பிறகு வெகுநேரம் அவமானமாக இருந்தது.

அன்று உச்சிவெயிலில் செட்டியார் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜட்கா வண்டிகூட வைத்துக்கொள்ளாமல் நடந்தே வந்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பிச்சைமுத்து மேஜையிலிருந்த பில்லை எடுத்து நாலாகக் கிழித்துப்போட்டார்.

"என்னப்பா இது?"

"ஐயா, எனக்கு அந்தச் சத்தம் கேக்கலைங்க. அன்னைக்குக் கேக்குதுன்னு சொன்னது பொய். எனக்குக் காது போயிருச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

செட்டியார் கீழே கிடந்த பில் துண்டுகளையே பார்த்தார்.

"சத்தத்தோட வண்டியைக் குடுத்துட்டுக் காசு வாங்குறது முறையில்லைங்க. நீங்க ஒரு பைசாவும் தரவேணாம். திருச்சிக்குக் கொண்டுபோய்ப் பாருங்க. நான் இந்த மாசத்தோட பட்டறையை மூடிடறேன்." சாவியை நீட்டும்போது பிச்சைமுத்துவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செட்டியார் சாவியை வாங்கிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார். பிச்சைமுத்து முன்னால் போய் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார் மெல்ல நகர்ந்து வாசல்வரை போனது. இத்தனை வருஷம் எந்த வண்டியும் குறையோடு அந்த வாசலைத் தாண்டியதில்லை என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

வாசலில் கார் நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டுச் செட்டியார் இறங்கி வந்தார். சாவியை மேஜைமேல் வைத்தார். பிறகு தாமே குனிந்து, கிழிந்த பில்லைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வண்டி இங்கயே நிக்கட்டும். எங்கிட்டப் பணம் இல்லப்பா. அப்பா பேரைச் சொல்ல இந்தக் கார் மட்டுந்தான் மிச்சம்."

பிச்சைமுத்துவுக்குப் புரியவில்லை. "பணம் கெடக்குதுங்கய்யா. அந்தச் சத்தம்..."

செட்டியார் தலைகுனிந்தார்.

"எனக்கும் கேக்கலை, பிச்சைமுத்து."