கோட்டுக்கு மேல் ஒரு விரல்

அண்ணன் இறந்து இருபது நாளாகிறது. மீன்தொட்டியின் உப்பைத் தினமும் அளந்தவன், தன் ரத்தக் கொதிப்பை ஒருமுறைகூட அளக்கவில்லை. அவன் வளர்த்த கடல்மீன்களையும் பவளங்களையும் தொட்டியோடு வாங்கிப்போக இன்று ஆள் வருகிறார். விற்கச் சொன்னது நான்தான்.

நீர் ஆவியாகிக் குறையும்போதெல்லாம், கண்ணாடியில் அவன் போட்ட கறுப்புக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்று காலை நீர் கோட்டுக்கு மேல் ஒரு விரல் நின்றது.

"அம்மா, தண்ணி ஊத்தினியா?"

"நான் அதுகிட்டயே போகலடி. காலேஜ் படிச்சவதானே, நீயே கண்டுபிடி."

அண்ணன் முழங்கை வரை கையை விட்டால்தான் நீர் அவ்வளவு ஏறும். வேலை முடிந்ததும் ஈரக்கையை என் துப்பட்டாவில் துடைப்பான். நான் கத்துவேன்.

நேற்று முதல் சாய்ந்து கிடந்த பவளம், நான் பார்க்கப் பார்க்க நிமிர்ந்தது. வெறும் நீரில் எதையோ மீன்கள் சுற்றிச்சுற்றி வந்தன. பிறகு நீர் சரியாகக் கோட்டுக்கு இறங்கியது.

பின்னாலிருந்து யாரோ துப்பட்டாவை இழுத்தார்கள்.

"எருமை, அதுல துடைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று பழக்கதோஷத்தில் திரும்பினேன்.

"யாரைடி திட்டுற?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

துப்பட்டா முனையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.