ஆணியில் மாட்டிய பில்லை

இதை எனக்குச் சொன்னது ஜூடித் அக்கா. போன ஈஸ்டருக்கு மறுநாள், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்கள். பஸ் வந்து போனதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு ஒரே மகன், நோயல். ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். பழைய தங்கச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் சர்ச்சுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பார் இருக்கிறது. நோயல் சர்ச்சைத் தாண்டிவிடுவான், அந்த பாரைத் தாண்ட மாட்டான்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் தொடங்கியதிலிருந்து இன்னும் மோசம். கடை சாத்திய பிறகுதான் வீட்டுக்கு வருகிறான். சட்டையில் பார் வாடை. முகம் கொடுத்துப் பேசாமல் படுத்துக்கொள்கிறான்.

அக்கா அழுது ஜெபித்தார்கள். பிறகு, கவர்மென்ட் அந்தக் கடையை மூடித்தான் ஆகணும் என்று மதுக்கடைக்கு லைசென்ஸ் கொடுக்கிற எக்சைஸ் ஆபீசில் மனு கொடுத்தார்கள்.

அந்த பாரில் ஊற்றிக் கொடுப்பவன் சைலஸ், எங்கள் சபைக்காரன். அக்காவுக்கு அதுதான் பெரிய எரிச்சல். சர்ச் வாசலில் அவன் ஸ்தோத்திரம் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "ஞாயித்துக்கிழமை பாட்டு, திங்கக்கிழமை பாட்டிலு" என்று அவன் காதில் விழும்படியே சொல்வார்கள். அவன் சிரித்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவான்.

ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரத்தில் எக்சைஸ் ஆபீசர் மஞ்சுநாத் டேப்போடு வந்தார். சர்ச் கேட்டிலிருந்து பார் வாசல்வரை அளந்தார். அக்கா கூடவே நடந்தார்கள்.

சர்ச்சிலிருந்து சட்டம் சொன்ன தூரத்துக்கு மேலேயே கடை தள்ளி இருக்கிறது, மூடச் சொல்ல முடியாது என்றார்.

"பாவம் எதுன்னு உங்க கவர்மென்டுக்குத் தெரியாதா சார்?"

"எங்கிட்ட இருக்கறது டேப்பு மட்டும்தாம்மா."

அக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாழ்நாளில் மிதிக்காத அந்தக் கடைக்குள் நேரே நுழைந்துவிட்டார்கள். ஆபீசரும் பின்னாலேயே ஓடினார்.

உள்ளே போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை நம்பர் பில்லை. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுடைய பில்லை. அதில் ஒன்று நீல உல்லன் கயிறு கோத்தது. அக்கா பின்னிய கயிறு. செத்துப்போன புருஷனுடைய பில்லை, லெந்து தொடங்கியதிலிருந்து வீட்டில் காணாமல் தேடிக்கொண்டிருந்தது.

"அப்பன் பில்லையையும் குடுத்துக் குடிச்சிட்டானா? நீயும் வாங்கி மாட்டிக்கினியா? நீயெல்லாம் இன்னா ஜென்மம்டா?"

அக்கா கையை நீட்டினார்கள். சைலஸ் குறுக்கே வந்தான்.

"தொடாதீங்கக்கா. மாட்டினவன்தான் எடுக்கணும்."

பிறகு மெதுவாகச் சொன்னான். சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் கீழே இறங்கும் முன்னே பில்லையை போர்டில் மாட்டுவது அப்பாக்கள் காலத்து வழக்கம். ஷிப்ட் முடிந்தும் பில்லை போர்டிலேயே இருந்தால், ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அவன் மேலே வரும்வரை யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

"இதுவும் அப்டித்தான்கா. குடியை விடணும்னு இருக்கறவன் வந்து மாட்டுவான். ஆணியில பில்லை இருக்கற வரைக்கும் அவனுக்கு நான் ஊத்த மாட்டேன். காலைப் புடிச்சாலும் மாட்டேன். இனிமே தொட மாட்டேன்னு நம்பிக்கை வந்தப்புறம்தான் அவனே எடுத்துக்குவான். நோயலு லெந்து தொடங்கின சாம்பல் புதன் அன்னிக்கே மாட்டிட்டான். தனியா இருந்தா கை நடுங்குதுன்னு தெனமும் இங்க வந்து சோடா குடிச்சிட்டு உக்காந்திருப்பான். ஈஸ்டருக்கு உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தான். நீங்க முந்திக்கினீங்க."

மஞ்சுநாத் டேப்பைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அந்தச் சுவரையே பார்த்தார்.

"இதுக்கு எங்ககிட்ட சட்டம் இல்லம்மா" என்றார்.

அக்கா நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்களாம். கர்த்தர் இருக்கிற இடத்துக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல இருந்ததாம்.

முதல் ஆணியில் ஒரு பில்லை, நம்பரே தெரியாத அளவுக்குக் கறுத்துப்போயிருந்தது. இது யாருது, இவன் இன்னும் மேலே வரவில்லையா என்று அக்கா கேட்டார்கள்.

சைலஸ் ஒரு டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தான்.

"அது என்னுதுக்கா. எடுக்க இன்னும் தைரியம் வரல."

நீங்களும் என்றைக்காவது அந்தப் பக்கம் போனால், ஆணியில் யார் யார் பில்லை தொங்குகிறது என்று மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்.