கை இல்லாத படம்

காலை ஐந்தே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. சுடலைக்கண்ணன் டிரம்மை நிரப்பினான், பல் தேய்த்தான், பால் காய்ச்சினான். பிறகு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

பம்பாய் திலக் நகரில் நாலாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே கூண்டு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கம்பி கிரில்லில் பதினாறு தொட்டிகள். பாகல், பீர்க்கு, இரண்டு வெண்டை, மீதி கீரை. கிரில் புதிது, குர்லா பட்டறையில் சொல்லிச் செய்து போன ஜூனில் மாட்டியது.

பாகலில் இந்த மே மாதத்தின் முதல் காய் தொங்கியது. படம் எடுத்து 'ஜன்னல் தோட்டம்' வாட்ஸாப் குழுவில் போட்டான். கீழே எழுத எதுவும் தோன்றவில்லை.

குழுவில் நாற்பது பேர். பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் எல்லாம் குரல் பதிவுதான். முதல் குரல் எப்போதும் குழுவை நடத்தும் மாட்டுங்கா பஞ்சாபகேசனுடையது.

"பேஷ்! கண்ணன் ஆத்துல பாகல் காய்ச்சுடுத்து. மத்தவாளும் இந்த வாரமே விதையைப் போட்டுடுங்கோ. ஆடிப்பட்டம்னு உட்கார்ந்துண்டிருந்தேள்னா, பம்பாய் மழையில விதை நீஞ்சிண்டு மாஹிமுக்குப் போயிடும்."

தாராவி ஜான்சி தன் வெண்டைக்காயைப் போட்டாள். பக்கத்தில் அவள் சுண்டுவிரல், மருதாணியோடு.

"ஜான்சி, வெண்டை பெரிசா, இல்லே உன் விரல் சின்னதா?" என்றார் பஞ்சாபகேசன்.

"ரெண்டும் ஒரிஜினல்தான் சார். சும்மா பொறாமப்படாதிய."

காயோடு விரலைக் காட்டுவது குழுவின் சட்டம். யாரோ ஒருவர் இன்டர்நெட்டில் சுட்ட பூசணியைத் தன் வீட்டுக் காய் என்று போட்டு மாட்டிக்கொண்ட நாளிலிருந்து, காயோடு ஒரு கையும் தெரிய வேண்டும். கை இல்லாத படம் செல்லாது.

கண்ணனின் படங்களில் எப்போதும் அவன் மனைவி செண்பகவல்லியின் கை தெரியும். ஒரு வருடமாக அவன் படங்களில் கை இல்லை. அவனை யாரும் கேட்பதும் இல்லை.

"தம்பி, செண்பகா கடைசியாச் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டியளே. நல்லா இருப்பிய," என்றது ஜான்சியின் அடுத்த பதிவு.

போன மே மாதம் ஒரு ஞாயிறு காலையில் பழைய கிரில் சுவரிலிருந்து பெயர்ந்தது, செண்பகவல்லியோடு. கண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுக் கீழே ஓடினான். உயிர் இருந்தது. மடியில் தூக்கி வைத்ததும், 'செடிய வாட விட்டுராதிய' என்றாள். இப்படித்தான் போலீஸிடம் சொன்னான். மாமியாரிடம் சொன்னான். குழுவுக்கும் ஒரு குரல் பதிவில் சொன்னான்.

கேட்டவர்கள் அழுதார்கள். பஞ்சாபகேசன் நாலு தொட்டி வாங்கி வந்து கொடுத்துவிட்டு, காபி குடிக்காமல் போனார்.

ஒன்பது மணிக்கு போன் அடித்தது. செண்பகவல்லியின் தங்கை மாரிசெல்வி, தாராவியில் பேனர் அச்சடிக்கும் கடையிலிருந்து.

"அத்தான், அக்காவோட முதல் வருச நினைவு நாள் பேனர் ரெடியாவுது. போட்டோவுக்குக் கீழ அவ கடைசியாச் சொன்னதப் போடணும்னு அம்மா சொல்லுதா. 'செடிய வாட விட்டுராதிய'. சரிதான?"

"பேரும் தேதியும் போதும் செல்வி."

"என்ன அத்தான் பேசுதிய? அம்மா அந்த ஒரு சொல்ல வச்சித்தான் ஒரு வருசமா சோறு திங்கா. 'சாவும்போதுகூட எம்புள்ள தனக்கு வலிக்குன்னு சொல்லல, செடியத்தான் நெனச்சா'ன்னு தெருவுல போறவ வாறவகிட்ட எல்லாம் சொல்லுதா."

போனில் மெஷின் இரைந்தது. கடைக்காரர் கரீம் பாட்சாவின் குரல் குறுக்கே வந்தது. "ஜல்தி சொல்லும்மா, பின்னால ரெண்டு கல்யாண பேனர் நிக்குது."

"இருங்க பாய்." மாரிசெல்வி குரலைத் தாழ்த்தினாள். "அத்தான், எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லுங்க. அச்சாயிட்டா மாத்த முடியாது. அக்கா வேற ஏதாவது சொன்னாளா? அம்மா தாங்க மாட்டான்னு மறைக்கியளா?"

ஒரு வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான்.

"செல்வி..."

"சொல்லுங்க அத்தான்."

"அதேதான் சொன்னா."

"ஒரு எழுத்து மாறாம?"

"மாறாம."

மாரிசெல்வி மூக்கை உறிஞ்சினாள். "போட்டுருங்க பாய். பெரிய எழுத்தா போடுங்க. அம்மாவுக்குத் தூரத்துலருந்தே தெரியணும்."

மெஷின் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. கண்ணன் போனை ஜன்னல் கட்டையில் வைத்தான். குழுவில் அவன் பாகலுக்கு முப்பத்தொரு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் குளிக்கப் போயிருக்கவில்லை. கீழே ஓடிச் சேர்ந்தபோது அவளிடம் பேச்சே இல்லை. கடைசியாக அவள் பேசியது மேலே, இந்த ஜன்னலுக்கு வெளியே பழைய கிரில்லில் நின்று, பாகற்காய்க்கு அருகே கையை நீட்டிக்கொண்டு.

"போட்டோவ வெரசா எடுங்க, கம்பி ஆடுது."